சிறு துணுக்கும் பெரு வலையும்: மைக்ரோ ஆர்.என்.ஏயின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

விஞ்ஞானத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் அதனைக் கண்டுபிடிப்புகளின் அட்டவணையாகவே எழுதி முடித்துவிடுகின்றனர். இன்ன ஆண்டில் இன்னார் இன்னதைக் கண்டார் என்பதோடு அவர்தம் பணி நிறைவுறுகின்றது. ஆனால், ஒரு பொருள் நெடுங்காலம் கண்முன்னே கிடந்தும் ஏன் காணப்படாதிருந்தது என்னும் கேள்வி அதனினும் முக்கியமானது. காண்பவரின் கண்ணைக் கட்டியிருந்த எண்ணம் எது? அது எங்ஙனம் தோன்றிற்று? எங்ஙனம் வலுப்பெற்றது? எதனால் உடைந்தது? இவ்வாறு கேட்கும்போதுதான் விஞ்ஞானம் மேதைகளின் தனிச்சொத்தாகத் தோன்றாது, காலத்தின் பழக்கங்களுக்கும் பலரின் கூட்டு உழைப்புக்கும் உட்பட்ட மனிதச் செயலாக நமக்குப் புலப்படும்.

இக்கேள்விகளை எழுப்புதற்கு நமது காலத்து உயிரியலில் மைக்ரோ ஆர்.என்.ஏயின் கதையைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. 2024 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு விக்டர் அம்புரோஸ், கரி ரவ்கன் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு வழங்கப்பட்டது. ஒரு கலத்தில் எந்தப் புரதம் எவ்வளவு உண்டாகவேண்டும் என்பதைத் திருத்தியமைக்கும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ துணுக்கினைக் கண்டமைக்காகவே அப்பரிசு. அத்துணுக்கின் நீளம் ஏறத்தாழ 22 எழுத்துக்கள். ஒரு சாதாரண புரதத்துக்கான செய்தியோ ஆயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துக்களைக் கொண்டது. இவ்வளவு சிறியதொன்று புற்றுநோயின் போக்கையே மாற்றவல்லது என்பது இன்று நன்கு நிறுவப்பட்டுள்ளது. ஆயினும், 1993 இல் இக்கண்டுபிடிப்பு முதன்முதலாக அச்சேறியபோது விஞ்ஞான உலகம் அதனை அதிகம் பொருட்படுத்தவில்லை. புற்றுநோயுடன் அதற்குள்ள தொடர்பு தெரியவர மேலும் 9 ஆண்டுகள் சென்றன. இத்தாமதத்தின் காரணங்களை ஆராய்வதும், அதிலிருந்து நாம் கற்கவேண்டியதைக் கற்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அக்காலத்தில் நிலவிய எண்ணத்தை நோக்குவோம். 1953 இல் டி.என்.ஏயின் அமைப்பு வெளியாயிற்று. 1958 இல் பிரான்சிஸ் கிறிக் புரதம் உண்டாகும் முறை பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அதிலிருந்து பாடநூல்கள் எடுத்துக்கொண்ட சுருக்கம் யாவரும் அறிந்ததே: டி.என்.ஏயில் எழுதப்பட்டிருப்பது ஆர்.என்.ஏயாகப் பெயர்த்தெழுதப்படுகின்றது, ஆர்.என்.ஏ புரதமாக மொழிபெயர்க்கப்படுகின்றது. கலத்தின் வேலைகளைப் புரதம் செய்கின்றது. இச்சித்திரத்தில் டி.என்.ஏ ஆணையிடும் அரசன், புரதம் செயல் வீரன், ஆர்.என்.ஏயோ ஓலையைச் சுமந்து செல்லும் வெறும் தூதன். சித்திரம் பொய்யன்று; ஆனால் முழுமையுமன்று. முழுமையற்ற உண்மையை முழு உண்மையாகக் கொள்ளும்போதுதான் அது கண்ணை மறைக்கும் திரையாகிவிடுகின்றது.

இந்த இடத்தில் ஒரு சுவையான நிகழ்ச்சியைக் குறிப்பிடல் வேண்டும். 1961 இல் பாரிஸ் நகரின் பஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த பிரான்சுவா ஜக்கோப், ஜாக் மொனோ என்போர், பரம்பரையலகுகள் எப்போதும் இயங்கிக்கொண்டிருப்பதில்லை, அவற்றை அடக்கவும் எழுப்பவும் வேறு பரம்பரையலகுகள் உள்ளன என்று பற்றீரியாவை வைத்து நிறுவினர். ஒழுங்காக்கம் என்னும் கருத்து உயிரியலில் உறுதியாகக் காலூன்றியது அப்போதுதான். அவ்வாறு அடக்கும் பொருள் ஆர்.என்.ஏயாக இருத்தல்கூடும் என்று அவர்கள் அன்று கருதினர். 1966 இல் கில்பேட், முல்லர்-ஹில் ஆகிய இருவரும் அப்பொருளைப் பிரித்தெடுத்தபோது அது புரதம் என்று தெரியவந்தது. பற்றீரியாவின் அந்த ஒரு பரம்பரையலகைப் பொறுத்தவரை ஊகம் பிழையாயிற்று. ஆனால், அந்த ஒன்றைக் கொண்டு ஒழுங்காக்குவது புரதமே என்னும் பொதுவிதி விஞ்ஞானிகளின் மனத்தில் படிந்துவிட்டது. ஆர்.என்.ஏ மீண்டும் தூதனின் இடத்துக்கே தள்ளப்பட்டது.

இதன் விளைவு பாரதூரமானது. மனிதனின் டி.என்.ஏயில் புரதத்துக்கான செய்தியைக் கொண்ட பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவானது. எஞ்சியதன் பெரும்பகுதிக்குக் 'குப்பை' என்னும் பெயர் 1970 களில் வழக்கிற்கு வந்தது. அதில் உண்மையிலேயே பயனற்ற பகுதி உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பெயர் சூட்டியபின் எவரும் குப்பையைக் கிளறிப் பார்க்க விரும்புவதில்லை என்பதே இங்குள்ள ஆபத்து. ஆய்வுகூடங்களில் ஆர்.என்.ஏயைப் பிரித்தெடுக்கும்போது தென்படும் மிகச் சிறிய துணுக்குகளும் பெரிய மூலக்கூறுகள் சிதைந்ததனால் உண்டான தூசு என்றே கருதப்பட்டன.

இத்திரை கிழிந்தது மனிதனை ஆராய்ந்த ஆய்வுகூடத்திலன்று. புழுவை ஆராய்ந்த ஆய்வுகூடத்தில். ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் நீளமுள்ள, மண்ணில் வாழும் ஒருவகை வட்டப்புழுவைக் கேம்பிறிட்ஜில் சிட்னி பிரென்னர் 1960 களில் தமது ஆராய்ச்சிக்குத் தெரிந்தெடுத்தார். உடல் ஒளி ஊடுருவத்தக்கது. வளர்ந்த புழுவின் உடற்கலங்கள் மொத்தம் 959 மட்டுமே. ஒவ்வொரு கலமும் எக்கலத்திலிருந்து எப்போது பிறந்தது என்னும் வமிசாவளியை ஜோன் சல்ஸ்டனும் அவருடைய துணைவரும் நுணுக்குக்காட்டியின் முன் பொறுமையாக அமர்ந்து வரைந்து முடித்தனர். இவர்களுக்கும் ரொபேட் ஹோர்விட்ஸ் என்பாருக்கும் 2002 இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்புழுக்களில் விகாரமுற்ற சில வகைகள் இருந்தன. லின்-4 என்னும் பரம்பரையலகு கெட்ட புழு, குடம்பியின் முதற் பருவத்துச் செயல்களையே மீண்டும் மீண்டும் செய்துகொண்டிருக்கும். முதிர்ச்சிக்குரிய உறுப்புகள் பல அதற்குத் தோன்றுவதில்லை. லின்-14 என்னும் பரம்பரையலகு செயலிழந்த புழுவோ, முதற் பருவத்தைத் தாண்டி அவசர அவசரமாகப் பின்னைய பருவங்களுக்குப் பாய்ந்துவிடும். ஒன்று காலத்தை நிறுத்திவைக்கிறது. மற்றொன்று காலத்தை முந்துகிறது. ஹோர்விட்ஸின் ஆய்வுகூடத்தில் 1980 களில் பணியாற்றிய அம்புரோஸும் ரவ்கனும் இவ்விரண்டையும் ஆராயத் தொடங்கினர். லின்-4 என்பது லின்-14 ஐ அடக்குகின்றது என்பதை அம்புரோஸ் காட்டினார். எவ்வாறு அடக்குகின்றது என்பதே புதிராக நின்றது.

பின்னர் இருவரும் தனித்தனி ஆய்வுகூடங்களை அமைத்துக்கொண்டு புதிரைத் தொடர்ந்தனர். அம்புரோஸின் ஆய்வுகூடத்தில் ரோசலின்ட் லீ, ரோண்டா ஃபைன்பாம் ஆகிய இரு பெண்கள் லின்-4 இருக்கும் இடத்தைத் தேடி, டி.என்.ஏயின் பெரிய துண்டுகளிலிருந்து சிறிய துண்டுகளுக்கு ஆண்டுக்கணக்காக இறங்கி வந்தனர். இறுதியில் எஞ்சியது ஏறத்தாழ 700 எழுத்துக்கள் கொண்ட துண்டு. அதில் புரதத்துக்கான செய்தி எதுவும் இல்லை. தேடியது கிடைக்கவில்லை என்று வேறெவரும் கைவிட்டிருப்பர். அவர்களோ, புரதம் இல்லையென்றால் ஆர்.என்.ஏயே அந்த வேலையைச் செய்யவேண்டும் என்று துணிந்தனர். கிடைத்தது 22 எழுத்துக்கள் கொண்ட துணுக்கு. ரவ்கனின் ஆய்வுகூடத்திலோ புரூஸ் வைற்மன், இல்ஹோ ஹா என்போர், லின்-14 இன் தூது ஆர்.என்.ஏ அழியாதிருக்கையிலேயே அதன் புரதம் குறைந்துபோவதையும், அத்தூதின் வால்பகுதியிலேயே அடக்குதலுக்குரிய இடம் இருப்பதையும் கண்டிருந்தனர். 1992 இல் இரு ஆய்வுகூடத்தாரும் தத்தம் எழுத்துவரிசைகளை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொண்டனர். சிறு துணுக்கின் எழுத்துக்கள் வால்பகுதியின் எழுத்துக்களோடு பூட்டும் திறவுகோலும்போலப் பொருந்தின. தூதனின் ஓலையில் மற்றொரு ஆர்.என்.ஏ ஒட்டிக்கொண்டு, அதனைப் படிக்கவிடாது தடுக்கின்றது என்னும் உண்மை வெளியாயிற்று. போட்டியிட்டு மறைத்திருந்தால் இருவரிடமும் பாதிப் புதிரே எஞ்சியிருக்கும்.

1993 இல் இரு கட்டுரைகளும் ஒரே சஞ்சிகையில் அடுத்தடுத்து வெளிவந்தன. பின்னர் 7 ஆண்டுகள் பெரும்பாலும் மௌனம். புழுவுக்கே உரிய ஒரு விநோதம் இது, மனிதனுக்கு இதனால் ஆவதென்ன என்பதே பொதுவான மதிப்பீடு. 2000 ஆம் ஆண்டில் ரவ்கனின் குழுவினர் லெற்-7 என்னும் இரண்டாவது துணுக்கைக் கண்டனர். இதன் நீளம் 21 எழுத்துக்கள். அவர்கள் அதனை வேறு விலங்குகளிலும் தேடிப் பார்த்தபோது ஈயிலும் மீனிலும் மனிதனிலும் அதே எழுத்துவரிசை மாறாதிருந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன உயிர்களில் ஒன்று மாறாது நிலைத்திருப்பின், அது வீணே நிலைத்திராது. மறு ஆண்டே மூன்று குழுக்கள் இத்தகைய துணுக்குகளைப் பெருந்தொகையாகக் கண்டு, அவற்றுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ என்னும் பெயரை வழங்கின. இன்று மனிதரில் இவை பல நூறு என அறிகின்றோம். நமது புரதப் பரம்பரையலகுகளில் பாதிக்கு மேற்பட்டவை இவற்றின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை எனக் கணிக்கப்பட்டுள்ளது.

இவை தொழிற்படும் முறையைச் சுருக்கமாக இங்கு கூறிவிடுதல் நன்று. மைக்ரோ ஆர்.என்.ஏ முதலில் நீண்ட இழையாகவே எழுதப்படுகின்றது. கொண்டையூசிபோல் மடிந்த அவ்விழையைக் கருவினுள் ட்ரோஷா என்னும் நொதியமும், கருவுக்கு வெளியே டைசர் என்னும் நொதியமும் வெட்டிச் சிறிதாக்குகின்றன. வெட்டப்பட்ட துணுக்கு ஆர்கனோட் என்னும் புரதத்தில் ஏறிக்கொண்டு, தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏக்களைத் தேடிப் பிடிக்கின்றது. பிடிபட்ட தூது மொழிபெயர்க்கப்படாது நிற்கும், அல்லது விரைவில் சிதையும். பொருந்தவேண்டிய எழுத்துக்கள் ஏழெட்டு மட்டுமே. ஆதலால் ஒரு துணுக்கு நூற்றுக்கணக்கான தூதுகளைப் பிடிக்கவல்லது. ஒரு தூதைப் பல துணுக்குகளும் பிடிக்கவல்லன. ஒவ்வொரு பிடியும் மெல்லியதே. புரதத்தின் அளவைப் பாதியாகக்கூடக் குறைக்காத பிடிகளே அதிகம். ஆனால், மெல்லிய நூல்கள் பல சேர்ந்தே வலையாகின்றன. இதனை மனத்திற்கொண்டே நாம் புற்றுநோயை நோக்கவேண்டும்.

வயது வந்தோரைத் தாக்கும் நாட்பட்ட நிணநீர்க்கல வெண்குருதிப் புற்றுநோயில், 13 ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு குறித்த பகுதி பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் அறுந்துபோயிருப்பது முன்பே தெரிந்திருந்தது. அறுந்துபோன இடத்தில் நோயை அடக்கும் பரம்பரையலகு ஒன்று இருந்திருக்கவேண்டும் என்று ஊகித்துப் பல ஆய்வுகூடங்கள் ஆண்டுக்கணக்காக அங்கே தேடின. தேடியது புரதப் பரம்பரையலகை. கிடைத்தவற்றுள் எதன்மீதும் குற்றம் நிறுவப்படவில்லை. 2002 இல் பிலடெல்பியாவில் கார்லோ குரோச்சே, ஜோர்ஜ் காலின் முதலியோர், அப்பகுதியின் மிகக் குறுகிய உட்பகுதியில் மிர்-15ஏ, மிர்-16-1 என்னும் இரு மைக்ரோ ஆர்.என்.ஏக்களே இருப்பதைக் கண்டனர். அவர்கள் ஆராய்ந்த நோயாளிகளுள் ஏறத்தாழ 68 சதவீதத்தினரிடம் இவை அற்றுப்போயிருந்தன, அல்லது குறைந்திருந்தன. குற்றவாளியைத் தேடி அரண்மனை முழுவதும் அலைந்தவர்கள் வாயிற்காவலனை ஒருமுறையேனும் விசாரியாதிருந்ததைப் போன்ற கதை இது.

மூன்று ஆண்டுகளில் காரணமும் தெளிவாயிற்று. கலம் ஒன்று பழுதுற்றால் தன்னைத்தான் மாய்த்துக்கொள்ளும் ஏற்பாடு நம் உடலில் உண்டு. பி.சி.எல்-2 என்னும் புரதம் அச்சாவைத் தடுப்பது. மிர்-15, மிர்-16 ஆகியன அப்புரதம் மிகாதவாறு அடக்கிவைப்பன. அவை அறுந்துபோகவே பி.சி.எல்-2 பெருகுகின்றது, சாகவேண்டிய கலங்கள் சாகாது திரள்கின்றன. 2010 இல், எலிகளில் இத்துணுக்குகளை நீக்கியபோது அதே நோயை ஒத்த நோய் தோன்றியமை இதனை உறுதிப்படுத்தியது. 2004 இல் வெளியான ஓர் ஆய்வு, அன்று அறியப்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏக்களின் இருப்பிடங்களுள் பாதிக்குமேல் புற்றுநோயில் அறும் அல்லது பெருகும் இடங்களிலேயே அமைந்திருக்கின்றன என்று காட்டியிருந்தது. தூசு எனப்பட்டது தூசு அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

ஆயின், மைக்ரோ ஆர்.என்.ஏ நோயை அடக்கும் நல்லவன் என்று முடிவுகட்டிவிடலாமா? 2005 ஜூன் மாதத்தில் ஒரே சஞ்சிகையின் ஒரே இதழில் வெளிவந்த இரு ஆய்வுகள் இக்கேள்விக்கு விடையாகும். இரண்டும் மிர்-17-92 என்னும் ஆறு துணுக்குகளின் கொத்தைப் பற்றியன. ஒரு குழு, இக்கொத்து பெருகும்போது எலிகளில் நிணநீர்ப் புற்றுநோய் விரைவதைக் காட்டிற்று. மற்றக் குழு வேறொன்றைக் காட்டிற்று. மிக் என்னும் புரதம் கலத்தைப் பெருகுமாறு தூண்டுவது. அது ஈ2எஃப்1 என்னும் மற்றொரு தூண்டுபுரதத்தை எழுப்புகின்றது. அதேவேளை இந்தக் கொத்தையும் எழுப்புகின்றது. கொத்தின் இரு துணுக்குகளோ ஈ2எஃப்1 மிகாதவாறு பிடித்துக்கொள்கின்றன. முடுக்குபவனே தடையையும் அழுத்துகின்றான்! ஒரே கொத்து ஓரிடத்தில் நோயை வளர்க்கின்றது, ஓரிடத்தில் வளர்ச்சிக்கு வரம்பிடுகின்றது என்றால் எது உண்மை? இரண்டும் உண்மையே. கலத்தைச் சாவுக்கு இட்டுச்செல்லும் பிம், வளர்ச்சியைத் தடுக்கும் பிடென் ஆகிய புரதங்களையும் இக்கொத்து அடக்குகின்றது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எந்தக் கலத்தில், எந்த நிலையில், எந்தப் பிடி மேலோங்குகின்றதோ அதற்கேற்ப விளைவு மாறுகின்றது. ஒரு பொருளின் குணம் அப்பொருளுக்குள் மட்டும் அடங்கியிருப்பதன்று. அது நிற்கும் உறவுகளாலேயே தீர்மானிக்கப்படுகின்றது.

புழுவில் காலத்தை நடத்திய லெற்-7 துணுக்கின் கதையும் இதையே வற்புறுத்துகின்றது. 2004 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், சுவாசப்பைப் புற்றுநோயாளருள் லெற்-7 குறைந்தோர் விரைவில் இறப்பதைக் கண்டனர். 2005 இல், ஒருகாலத்தில் ரவ்கனிடம் பயின்ற பிராங்க் சிலாக்கின் குழுவினர், மனிதப் புற்றுநோய்களுள் மிகப் பிரசித்தமான ராஸ் பரம்பரையலகை லெற்-7 அடக்குவதைப் புழுவிலும் மனிதக் கலத்திலும் காட்டினர். 2008 இல் லின்-28 என்னும் புரதம் லெற்-7 துணுக்கு வெட்டப்படுவதைத் தடுக்கின்றது என்பது வெளியாயிற்று. லெற்-7 துணுக்கோ லின்-28 ஐ அடக்குகின்றது. ஒன்றையொன்று அடக்கும் இவ்விரண்டும் ஒரு தராசின் இரு தட்டுக்கள். லெற்-7 மேலோங்கியிருக்கும்வரை கலம் முதிர்ச்சியடைந்து தன் வேலையைச் செய்யும். தட்டு மறுபுறம் சாய்ந்தால் கலம் முதிராத, பெருகிக்கொண்டேயிருக்கும் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பியபின் அந்நிலை தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொள்ளும். முதற் பருவத்தையே மீளமீள நடத்திய விகாரப் புழுவை இங்கே நினைவுகூர்க. லின்-28 உம் அதே புழுக்களில் 1980 களிலேயே கண்டறியப்பட்ட பரம்பரையலகுதான்! மனிதரின் புற்றுநோய்களுள் ஏறத்தாழ 15 சதவீதத்தில் லின்-28 தலைதூக்கியிருப்பதை 2009 இல் கண்டனர்.

இவ்வாறே மிர்-200 என்னும் துணுக்குக் குடும்பமும் செப் என்னும் புரதங்களும் ஒன்றையொன்று அடக்குவதை 2008 இல் பல குழுக்கள் கண்டன. மிர்-200 மேலோங்கியிருக்கும்போது கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து இழையமாய் நிற்கும். செப் மேலோங்கினால் பிணைப்புத் தளர்ந்து, கலம் ஊர்ந்து வேறிடம் பரவும் தன்மையைப் பெறும். புற்றுநோயால் இறப்போருள் மிகப் பெரும்பாலோர் அது பரவுவதனாலேயே இறக்கின்றனர் என்பதை எண்ணும்போது இச்சிறு தராசின் பெருமை விளங்கும்.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? புற்றுநோய்க் கலம் ஒரு தனிக் கெட்ட பரம்பரையலகின் ஆட்சியன்று. ஒழுங்காக்க வலையொன்று ஒரு சமநிலையிலிருந்து மற்றொரு சமநிலைக்குச் சாய்ந்துவிட்ட நிலை. அளவில் நேரும் சிறு மாற்றங்கள் ஒரு கட்டத்தில் குணமாற்றமாக வெடிக்கின்றன. டி.என்.ஏ என்னும் அரசன் கீழ்நோக்கி ஆணையிடுகின்றான் என்ற ஒருவழிச் சித்திரம் இங்கே நொறுங்கிப்போகின்றது.

ஆனால், இவ்விடத்தில் முற்போக்காளராகிய நாம் ஓர் எச்சரிக்கையைப் பெறுதல் வேண்டும். பரம்பரையலகு முழு அரசன் அன்று என்பது கேட்டு, பரம்பரையலகே இல்லை என்று சொன்னவர்கள் வென்றுவிட்டதாக மகிழ்தல் பெரும் தவறு. சோவியத் நாட்டில் லைசென்கோ அவ்வாறு கூறினார். 1948 இல் அரச ஆதரவோடு அதுவே சட்டமாயிற்று. உலகம் போற்றிய தாவரவியலாளர் வவிலோவ் 1940 இல் கைதாகி, 1943 இல் சிறையிலே மாண்டார். அந்நாட்டின் உயிரியல் ஒரு தலைமுறை பின்தள்ளப்பட்டது. ஒருவழிச் சித்திரத்தைத் திருத்தியது அதிகாரத்தின் பிரகடனமன்று. 700 எழுத்துக்கள் கொண்ட துண்டின் முன் பொறுமையோடிருந்த ஆய்வாளரின் உழைப்பு. பரம்பரையலகைப் பற்றிய அறிவை மறுத்தல்ல, அதனை இன்னும் ஆழமாகத் தோண்டியே அவர்கள் வலையைக் கண்டனர்.

வலையை மறந்து துணுக்கை மட்டும் பற்றிக்கொண்டதன் விளைவை மருத்துவத்தின் வரலாறு காட்டுகின்றது. 2010 இல் எலிகளில் மிர்-21 என்னும் துணுக்கை மிகுவித்தபோது புற்றுக்கட்டிகள் தோன்றின. அதனை நிறுத்தியபோது அவை மறைந்தன. நம்பிக்கை உயர்ந்தது. கலத்தின் பெருங்காவலனாகிய பி53 புரதம் எழுப்பும் மிர்-34 துணுக்கைச் செயற்கையாகச் செய்து, கொழுப்புக் குமிழிகளில் அடைத்து, நோயாளரின் குருதியில் செலுத்தும் பரிசோதனை 2013 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஆரம்பமாயிற்று. புற்றுநோய்க்கு மைக்ரோ ஆர்.என்.ஏயை மருந்தாக மனிதரில் சோதித்தது அதுவே முதன்முறை. சில நோயாளரிடம் கட்டிகள் சுருங்கின. ஆனால் சிலரின் நோயெதிர்ப்பு மண்டலம் கட்டுக்கடங்காது கிளர்ந்தெழுந்தது. நால்வர் உயிரிழந்தனர். 2016 இல் பரிசோதனை நிறுத்தப்பட்டது. அதனை நடத்திய நிறுவனம் மறு ஆண்டே வேறொன்றுடன் இணைந்து பெயரின்றிப் போயிற்று. நூறு நூல்களில் கைவைக்கும் ஒன்றை உடல் முழுவதும் பாய்ச்சும்போது எந்த நூல் எங்கே அறும் என்பதை எவர் முன்னறிவார்? இறந்தோரின் பெயர் எந்தப் பரிசுப் பட்டியலிலும் இடம்பெறாது. ஆனால் விஞ்ஞானத்தின் வரலாற்றில் அவர்களுக்கும் இடமுண்டு என்பதே நமது கருத்து.

எனினும், அறிவு வீண்போகவில்லை. மருந்தாக உடனே பயன்படாதது நோயைக் காட்டும் அடையாளமாகப் பயன்படத் தொடங்கியுள்ளது. விதைப்புற்றுநோயில் மிர்-371 என்னும் துணுக்கு குருதியில் கசிகின்றது. 2019 இல் 600 க்கு மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்தபோது, குருதிச் சோதனை ஒன்றினாலேயே அவர்களுள் 90 சதவீதத்தினரை அடையாளங்காண முடிந்தது. டைசர் நொதியத்தின் பரம்பரையலகு பிறப்பிலேயே பழுதுற்ற குடும்பங்களில் குழந்தைகளுக்கு ஒருவகைச் சுவாசப்பைக் கட்டி தோன்றுவது 2009 இல் தெளிவானதால், அக்குடும்பத்துக் குழந்தைகளை முன்கூட்டியே கவனிக்க வழி பிறந்தது. மூலக்கூறு பற்றிய இவ்வறிவு வளர்வதைக் காரணங்காட்டி, புகையிலை போன்று நன்கறியப்பட்ட காரணங்களை ஒழிக்கும் பொதுச் சுகாதாரக் கடமையை எந்த அரசும் ஒத்திவைத்தல் ஆகாது என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

இறுதியாக, இவ்வரலாற்றை உண்டாக்கியோர் யார் என்னும் கேள்விக்கு வருவோம். புழுவின் குடம்பிப் பருவத்தை ஆராய இலாபத்தை எதிர்நோக்கும் எந்த முதலீட்டாளன் பணம் தந்திருப்பான்? அவ்வாராய்ச்சிகளைத் தாங்கி நின்றது பொதுமக்களின் வரிப்பணம். பயன் என்ன என்று முதல் நாளே கேட்டிருந்தால் லின்-4 உம் இல்லை, லெற்-7 உம் இல்லை. 13 ஆம் நிறமூர்த்தத்தின் அறுந்த பகுதி இன்னும் புதிராகவே கிடந்திருக்கும். 1993 இன் கட்டுரையில் முதற் பெயராக நின்ற ரோசலின்ட் லீக்கு 2024 இன் பரிசில் பங்கில்லை. ஒரு பரிசை மூவர் வரை பகிரலாம் என்பது விதி, பகிர்ந்தோர் இருவரே. விதிகளின்படி இது முறையானதாக இருக்கலாம். ஆனால் ஆய்வுமேசையில் உழைத்த கைகளைவிட ஆய்வுகூடத்தின் தலைமைக்கே புகழ் சேரும் வழக்கம், சமுதாயத்தின் மற்ற வேலைத்தலங்களில் நாம் காணும் வழக்கத்திலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர் நம் முன்னோர். 22 எழுத்துத் துணுக்கின் வரலாறு அதற்கும் மேலான ஒன்றைக் கூறுகின்றது. சிறியது என்றும், புழுவுக்குரியது என்றும், குப்பை என்றும் எது ஒதுக்கப்பட்டதோ, அதற்குள்ளேதான் ஒரு பெருநோயின் உள்ளமைப்பு எழுதப்பட்டிருந்தது. அதனைக் கண்டோர் மற்றவரிலும் கூர்மையான கண்ணுடையோர் அல்லர். எதிர்பார்த்தது கிடைக்காதபோது கிடைத்ததை எறியாதிருந்தோர். விஞ்ஞானத்தை முடிந்த முடிபுகளின் தொகுப்பாக மனனம் செய்விக்கும் கல்வி இந்தக் குணத்தை வளர்க்காது. பாடநூலின் சித்திரம் எவ்வளவு தூரம் உண்மை, எங்கே அது முடிகின்றது என்று மாணவன் கேட்கவும், அக்கேள்விக்கு நேர்மையாக விடை தேட ஆசிரியர் உடன் நிற்கவும் வேண்டும். அத்தகைய வகுப்பறைகள் பெருகுமாயின், ஒதுக்கப்பட்டவற்றுள் இன்னும் கண்டறியப்படாது கிடப்பன நெடுங்காலம் அவ்வாறே கிடக்கமாட்டா.